ஊர்ப் பொதுக் குழாயில் தண்ணீர் நின்றால்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டறியும் வழி

ஊர் மக்களே சேர்ந்து நடத்தும் தண்ணீர்த் திட்டத்தில் பல ஆண்டுகளாகப் பழுது பார்த்து வருகிறேன். தண்ணீர் நின்றதும் எல்லாரும் முதலில் சொல்வது, "மோட்டார் போய்விட்டது." அடுத்துச் சொல்வது, "கிணறு வற்றிவிட்டது." இரண்டுமே பெருஞ்செலவு வைக்கும் முடிவுகள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலான பழுதுகள் அந்த இரண்டிலும் இல்லை. பாதி திறந்த ஒரு வால்விலோ, மண்ணுக்குள் கசியும் ஓர் இணைப்பிலோ, தோட்டத்தில் திறந்தபடி கிடந்த ஒரு ரப்பர் குழாயிலோதான் இருந்தன. அதனால், செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு மிகுந்ததில் முடியும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் ஊரில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

இங்கே பேசப்படும் அமைப்பு இதுதான்: ஆழ்துளைக் கிணறு, அதில் நீர்மூழ்கி மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக் குழாய்கள், வீட்டுக் குழாய்கள். அதே குழாயில்தான் வீட்டுத் தோட்டங்களுக்கும் தண்ணீர் போகிறது.

கையில் இருக்க வேண்டியவை

20 லிட்டர் வாளி ஒன்று, நொடி காட்டும் கடிகாரம், நீளமான அளவு நாடா, குழாயில் திருகிப் பொருத்தும் அழுத்தமானி, ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றில் விலை குறைந்தது நோட்டுப் புத்தகம்; அதிகம் உதவுவதும் அதுதான். எல்லாம் நன்றாக ஓடும் நாளிலேயே நான்கு அளவுகளை அதில் குறித்து வையுங்கள்: மோட்டார் இழுக்கும் ஆம்பியர், காலித் தொட்டி நிறைய ஆகும் நேரம், கிணற்று நீர்மட்டம் (மோட்டார் ஓய்ந்திருக்கும்போதும், இரண்டு மணி நேரம் ஓடிய பிறகும்), கடைசி வீட்டில் வாளி நிரம்ப ஆகும் நொடிகள். பழுதான நாளில் கிடைக்கும் அளவுக்கு, நல்ல நாளின் அளவோடு ஒப்பிடும்போதுதான் பொருள் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். வேறு யாரும் அதைப் போட்டுவிடாதபடி ஓர் ஆளை அங்கேயே நிறுத்துங்கள். தொட்டிக்குள்ளோ வால்வுக் குழிக்குள்ளோ தனியாக இறங்காதீர்கள். மூடிக் கிடந்த குழிகளில் மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு.

## அறிகுறி 1: எந்த வீட்டிலும் தண்ணீர் வரவில்லை

முதலில் தொட்டியைப் பாருங்கள். காலியாக இருந்தால் 1-அ, 1-ஆ, நிறைந்திருந்தால் 1-இ.

### 1-அ. தொட்டி காலி, மோட்டார் ஓடவில்லை

மின்சாரம் வருகிறதா? மும்முனை மின்சாரமாக இருந்தால் மூன்று முனைகளிலும் வருகிறதா? ஒரு முனை மட்டும் இல்லாவிட்டால் மோட்டார் சுழலாமல் உறுமும். உறுமலைக் கேட்டதும் அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் சுருள் எரிந்துபோகும். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவுக் கம்பியைப் போடுங்கள். தடித்த கம்பி போட்டால் ஃபியூஸ் தப்பிக்கும், மோட்டார் தப்பிக்காது.

ஃபியூஸ் சரியாக இருந்தால் ஸ்டார்ட்டரின் ரிலே (மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் தானே துண்டித்துவிடும் காவல் கருவி) தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டியிருந்தால் சில நிமிடம் ஆறவிட்டு ஒரே ஒரு முறை மீட்டமைத்து ஓட்டலாம். மீண்டும் தட்டினால் விட்டுவிடுங்கள். "இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்" என்று ஐந்தாறு முறை அழுத்திய பிறகே பல மோட்டார்கள் எரிந்திருக்கின்றன.

நீர்மட்டக் காவல் கருவி இருந்தால், அது மோட்டாரைத் தடுத்து வைத்திருக்கலாம். அப்படியானால் கோளாறு மோட்டாரில் இல்லை. கிணற்றில் நீர் குறைந்திருக்கிறது, அல்லது கருவியின் உணர்முனையில் அழுக்கு படிந்திருக்கிறது. ஒருமுனை மோட்டாராக இருந்தால் கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் தொடாமல் பார்ப்பது போதும்.

இங்கே எலக்ட்ரீஷியனை அழையுங்கள்: ரிலே இரண்டாம் முறை தட்டினால், கெப்பாசிட்டர் மாற்ற வேண்டியிருந்தால், கேபிள் இணைப்பில் ஐயம் இருந்தால். மெகர் கருவியால் காப்பு மின்தடையை அளந்து எண்ணைச் சொல்லும்படி கேளுங்கள். அது 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கேபிளோ சுருளோ கெட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பார்க்காமல் மோட்டாரை வெளியே எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

### 1-ஆ. மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை

கிணற்றருகே உள்ள வால்வு மூடியிருக்கிறதா? இதைக் கேட்கவே கூச்சப்படுவார்கள், ஆனாலும் கேளுங்கள்.

அண்மையில் மின்கம்பத்திலோ ஸ்டார்ட்டரிலோ வேலை நடந்ததா? மும்முனைக் கம்பிகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும். தண்ணீர் மிகக் குறைவாக வரும் அல்லது மேலே ஏறவே ஏறாது. மூன்றில் ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகிவிடும். எலக்ட்ரீஷியனுக்கு அது பத்து நிமிட வேலை. "பம்பு தேய்ந்துவிட்டது" என்று வெளியே எடுத்து, புதிதாக வாங்கி இறக்கி, அதுவும் தண்ணீர் தராமல் போன பிறகு இதைக் கண்டுபிடித்த ஊர் ஒன்றை எனக்குத் தெரியும்.

அடுத்து ஆம்பியரைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் பம்பு நீரில்லாமல் சுற்றுகிறது, அல்லது எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பகுதி உடைந்திருக்கிறது. உடனே நிறுத்துங்கள். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது சுற்றியுள்ள தண்ணீர்தான். ஆம்பியர் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் மணல் சிக்கியிருக்கலாம், தாங்கி (பேரிங்) தேய்ந்திருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம்.

இன்னொன்று, காதால் செய்யும் சோதனை. சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுக் கிணற்றின் இரும்புக் குழாயில் காதை வையுங்கள். தண்ணீர் சலசலவென்று கீழே விழும் ஓசை தொடர்ந்து கேட்டால், உள்ளே இறங்கும் குழாயில் ஓட்டை இருக்கிறது, அல்லது ஏறிய தண்ணீரைக் கீழே திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. ஏற்றிய தண்ணீரில் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்புகிறது.

இங்கே பம்பு மெக்கானிக்கை அழையுங்கள்: நீர்மட்டம் சரியாக இருந்தும், சுழற்சி சரியாக இருந்தும் தண்ணீர் வராவிட்டால். பம்பை வெளியே எடுப்பதற்கு முறையான தூக்கும் ஏற்பாடு வேண்டும். கயிறும் ஆட்களும் போதும் என்று இறங்கினால் பம்பு கிணற்றுக்குள் விழுந்து கிணறே வீணாகும்.

### 1-இ. தொட்டி நிறைந்திருக்கிறது, குழாயில் வரவில்லை

வெளியேறும் கேட் வால்வைச் சுற்றிப் பாருங்கள், சுற்றுகளை எண்ணுங்கள். பிடி சுற்றிக்கொண்டே இருந்து எங்கும் முட்டி நிற்காவிட்டால் உள்ளே தண்டு முறிந்து கதவு கீழேயே தங்கிவிட்டது. வால்வை மாற்றத்தான் வேண்டும்.

வால்வு நன்றாக இருந்தால், தொட்டி முந்தைய நாள் முழுக்கக் காலியானதா என்று விசாரியுங்கள். காலியானால் குழாய்க்குள் காற்று புகுந்து மேடான இடங்களில் அடைத்துக்கொள்ளும். மேட்டில் உள்ள குழாயைத் திறந்து வையுங்கள். சீறல், துப்பல், பிறகு தண்ணீர். ஒவ்வொரு மேட்டிலும் காற்று வெளியேற்றும் வால்வு இருந்தால் இந்தத் தொல்லை வராது. இருந்தும் வந்தால் அந்த வால்வைக் கழற்றிக் கழுவுங்கள்.

இதற்கும் சரியாகாவிட்டால் தொட்டியின் வெளியேற்றுக் குழாய் வாயில் உள்ள சல்லடையைப் பாருங்கள். இலையும் சேறும் சில சமயம் செத்த தவளையும் அதில் அடைத்திருக்கும். தவளை உள்ளே போக வழியிருந்தால் தொட்டியின் மூடி சரியில்லை என்று பொருள். அன்றே அறிகுறி 5-ஐயும் படித்துவிடுங்கள்.

## அறிகுறி 2: மேட்டு வீடுகளுக்கும் கடைசித் தெருவுக்கும் மட்டும் வரவில்லை

அதிகம் வரும் புகார் இது. அதிகச் சண்டை மூட்டுவதும் இதுதான். குழாய் சிறியது, தொட்டி சிறியது என்று தீர்மானம் போடும் முன் ஒரே நாளில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அதிகாலையில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் வேளையில், முதல் வீட்டிலும் நடுவீட்டிலும் கடைசி வீட்டிலும் 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுங்கள். பிற்பகலில், யாரும் பிடிக்காத வேளையில், அதே மூன்று வீடுகளில் மீண்டும் எழுதுங்கள். (குறிப்பிட்ட மணிநேரத்துக்கு மட்டும் தண்ணீர் விடும் ஊரானால் அன்று பிற்பகலிலும் அரைமணி விடச் சொல்லுங்கள்.)

### 2-அ. பிற்பகலில் நன்றாக வருகிறது, காலையில் வரவில்லை

குழாயில் அடைப்பு இல்லை. ஒரே வேளையில் எல்லாரும் திறக்கிறார்கள் என்பதே காரணம். இங்கேதான் தோட்டக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நூறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27,500 லிட்டர். இவற்றில் முப்பது வீடுகளில் 40 சதுர மீட்டர் காய்கறித் தோட்டம் இருக்கிறது. வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் போதும் என்றால், ஒரு தோட்டத்துக்கு 200 லிட்டர், முப்பதுக்கும் சேர்த்து 6,000 லிட்டர். தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் அரை அங்குல ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடும். அதைப் பாத்தியில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தால் 900 லிட்டர். முப்பது வீட்டிலும் அப்படி நடந்தால் 27,000 லிட்டர், அதாவது ஊர் முழுவதும் குடிக்க, சமைக்க, குளிக்கத் தேவையான அளவு. தோட்டத்தின் தேவை ஊருக்குப் பாரமில்லை. திறந்தபடி விட்ட குழாய்தான் பாரம்.

"தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது" என்று தடை போடும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது நிலைப்பதில்லை. அந்தத் தோட்டம் ஒரு குடும்பத்தின் காய்கறி. சில வீடுகளில் அதுவே கைச்செலவுக் காசு. தடை போட்டால் இரவில் மறைவாக விடுவார்கள், அளவு இன்னும் கூடும். தடைக்குப் பதிலாகச் செலவு வரிசையில் இவற்றைச் செய்யலாம்:

முதலில் நேரம். வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து முடித்த பிறகே தோட்டம், அதுவும் தெருவுக்கு ஒரு வேளை என்று முறை வையுங்கள். தோட்ட முறையைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். முதல் தெருவில் தொடங்கினால் கடைசித் தெருவின் முறை வரும்போது தொட்டி காலி.

இரண்டாவது, தோட்டத்தில் 200 லிட்டர் டிரம். குழாயைச் சிறிதாகத் திறந்து டிரம்மை மெதுவாக நிரப்பிக்கொண்டு அதிலிருந்து வாளியிலோ சொட்டுநீர்க் குழாயிலோ பாய்ச்சுவது. டிரம் நிறைந்ததும் அன்றைய பங்கு முடிந்தது என்று யார் கண்ணுக்கும் தெரியும். பாத்தியின் மேல் காய்ந்த இலைதழை மூடாக்குப் போட்டால் இந்த 200 லிட்டரிலேயே கொஞ்சம் மிச்சப்படும்.

மூன்றாவது, தொட்டிக்கு அருகிலுள்ள தெருக்களின் வால்வுகளைச் சற்றுக் குறைத்து வைப்பது, அல்லது அந்த வீட்டு இணைப்புகளில் சிறு துளையிட்ட தகட்டைப் பொருத்துவது. இதைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவு செய்து, வாளிச் சோதனையின் நொடிக் கணக்கைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமல் செய்தால் அடுத்த வாரமே யாரோ தகட்டைக் கழற்றியிருப்பார்கள்.

### 2-ஆ. பிற்பகலிலும் வரவில்லை

அழுத்தமானியைக் கடைசி வீட்டுக் குழாயில் பொருத்தி, தெருவில் எல்லாரையும் குழாய்களை மூடச் சொல்லுங்கள். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து அந்தக் குழாய் எத்தனை மீட்டர் தாழ்வில் இருக்கிறதோ, அதில் 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் முள் காட்ட வேண்டும்.

காட்டுகிறது, ஆனால் குழாயைத் திறந்ததும் சரிந்துவிடுகிறது என்றால் வழியில் அடைப்பு அல்லது பாதி மூடிய வால்வு இருக்கிறது. குழாயே மிகக் குறுகியதாகவும் இருக்கலாம். தெரு வால்வுகளைச் சுற்று எண்ணித் திறந்து, தாழ்வான இடத்திலுள்ள கழிவு வால்வைத் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள். மூடிய நிலையிலேயே முள் குறைவாகக் காட்டினால் எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அறிகுறி 3-க்குப் போங்கள்.

### 2-இ. விட்டு விட்டு, இழுத்து இழுத்து வருகிறது

தெருக் குழாயில் யாரோ நேரடியாகச் சிறு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பது முதல் ஐயம். தண்ணீர் விடும் வேளையில் மெயின் சுவிட்சைக் கொஞ்ச நேரம் அணைக்கும்படி அக்கம்பக்கத்தாரிடம் கேளுங்கள். ஒரு வீட்டில் அணைத்ததும் தெருவே சீராகும். அண்டை வீட்டுத் தண்ணீர் பறிபோவதோடு இது நிற்பதில்லை. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே சாக்கடை நீரும் உள்ளே வரும்.

இங்கே பொறியாளரை அழையுங்கள்: முறை வைத்தும், வால்வு சரிசெய்தும், கசிவு அடைத்தும் போதாவிட்டால். இரண்டு அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் அதே அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு தண்ணீர் போகும். அதனால் ஊர் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை. எந்தத் துண்டை மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டுச் சொல்லக் கேளுங்கள். உங்கள் வாளிச் சோதனை எண்களை அவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 3: இரவில் யாரும் பிடிக்கவில்லை, தொட்டி காலியாகிறது

இரவு 11 மணிக்கு நீர்மட்டத்தைக் குறியுங்கள், அதிகாலை 4 மணிக்கு மீண்டும் பாருங்கள். 4 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர். பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஓர் இரவில் 1,600 லிட்டர் எங்கோ போயிருக்கிறது.

அடுத்த இரவு வெளியேற்று வால்வை மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியில்தான் கசிவு. இறங்காவிட்டால் குழாயில். தெரு வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடி, எதை மூடியதும் இறக்கம் நிற்கிறது என்று பார்த்துத் தெருவைப் பிடியுங்கள்.

தெரு தெரிந்த பிறகு முதலில் வீடுகளுக்குள் பாருங்கள்: தரைத் தொட்டியின் மிதவை வால்வு பிடிக்காமல் வழிவது, தோட்டக் குழாய் மூடப்படாமல் கிடப்பது. பிறகு மண்ணைப் பாருங்கள். கோடையில், யாரும் ஊற்றாமலே பச்சையாக நிற்கும் ஒரு திட்டுப் புல் எத்தனையோ முறை எனக்குக் கசிவைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. வண்டித் தடம் குழாயைக் கடக்கும் இடம், வீட்டு இணைப்பு எடுத்த இடம், குழாய் திரும்பும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் தோண்டலாம். இரும்புக் குழாயானால் நீண்ட திருப்புளியின் நுனியை வால்வின் மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால், நள்ளிரவு அமைதியில் "ஸ்ஸ்" என்ற சீறல் கேட்கும்; கசிவை நெருங்க நெருங்கக் கூடும். பிளாஸ்டிக் குழாய் ஓசையைச் சரியாகக் கடத்தாது. அங்கே பச்சைத் திட்டையும் வால்வுச் சோதனையையுமே நம்ப வேண்டும்.

சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுவது ஓரிரு நாளுக்குத்தான். உரிய இணைப்பை வாங்கி வந்து துண்டை மாற்றுங்கள். வெளியாள் தேவைப்படுவது தொட்டியின் சுவரில் கம்பி தெரிய விரிசல் இருந்தால் மட்டும். அது கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டியது. சிமெண்டைப் பூசி மறைக்கக் கூடாது.

## அறிகுறி 4: தொட்டி நிறைய ஆகும் நேரம் மாதாமாதம் கூடுகிறது

"கிணறு வற்றுகிறது" என்ற பேச்சு எழுவது இங்கேதான். நாடாவைக் கொண்டு இரண்டு அளவுகள் எடுங்கள். மோட்டார் பல மணி நேரம் ஓய்ந்திருக்கும்போது தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை மீட்டர்? இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு எத்தனை மீட்டர்? இவற்றை நல்ல நாளின் அளவோடு ஒப்பிடுங்கள்.

### 4-அ. இரண்டு மட்டமும் பழையபடியே இருக்கின்றன

கிணற்றில் குறையில்லை. பம்பு தேய்ந்திருக்கிறது, உள்குழாய் ஓட்டையாக இருக்கிறது, அல்லது தொட்டிக்குப் போகும் வழியில் கசிகிறது. 1-ஆவில் சொன்ன காதுச் சோதனையைச் செய்யுங்கள்.

### 4-ஆ. ஓய்வு மட்டம் அப்படியே, ஓடும்போது மட்டும் ஆழமாக இறங்குகிறது

நிலத்தடியில் நீர் இருக்கிறது. கிணற்றுக்குள் வரும் வழி அடைபட்டிருக்கிறது. வடிகுழாயின் (கிணற்றுக்குள் நீர் நுழையும் துளையிட்ட குழாயின்) துளைகளில் சேறோ, இரும்புத் துருவோ, சுண்ணப் படிவோ ஏறியிருக்கும். கம்ப்ரெசர் கொண்டு சுத்தம் செய்யும் ஆட்களை அழையுங்கள். அமிலம் விடுவது பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. புதுக் கிணறு தோண்டுவதைவிட இது பல மடங்கு மலிவு என்பதால், இந்த ஓர் அளவை எடுக்காமல் புதுக் கிணற்றுக்குக் கையெழுத்திடாதீர்கள்.

### 4-இ. இரண்டு மட்டமும் இறங்கிவிட்டன

இது உண்மையான குறைவு. மழைக்குப் பின் மீள்கிறதா என்று நோட்டில் பழைய ஆண்டுகளைப் பாருங்கள். மீள்வதாக இருந்தால் கோடையில் மட்டும் ஓட்டும் நேரத்தைப் பிரியுங்கள்: நான்கு மணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதற்குப் பதில் இரண்டிரண்டு மணி நேரமாக, நடுவே கிணறு ஊற நேரம் விட்டு ஓட்டுங்கள். அந்த மாதங்களில் தோட்டப் பங்கைக் குறைப்பதைக் கோடை வரும் முன்பே, விதை போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். முளைத்த பயிரைக் காயவிடச் சொல்வது கொடுமை.

ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போனால் நிலத்தடி நீர் வல்லுநரை அழையுங்கள். பம்பை ஆழத்தில் இறக்குவதானாலும் புதுக் கிணறானாலும் நீரைச் சோதித்த பிறகே குழாயில் விடுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவுகள்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01, நைட்ரேட் 50.

### 4-ஈ. தண்ணீரோடு மணல் வருகிறது

வால்வைச் சற்றுக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மணல் நின்றால் பம்பு கிணற்றின் அளவுக்கு மீறி இழுக்கிறது, குறைத்தே ஓட்டுங்கள். நிற்காவிட்டால் வடிகுழாய் உடைந்திருக்கலாம். மணல் பம்பைத் தின்றுவிடும் என்பதால் அன்றே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: நிறம், நாற்றம், வயிற்றுப்போக்கு

முதல் சில வாளி மட்டும் பழுப்பு, பிறகு தெளிவு: குழாயின் அடியில் படிந்த துரு. கழிவு வால்வைத் திறந்து கழுவுங்கள்.

பிடிக்கும்போது தெளிவு, வாளியில் வைத்தால் சிவக்கிறது: மூலநீரிலேயே இரும்பு. குழாயைக் கழுவிப் பயனில்லை. காற்றோட்டமும் வடிகட்டியும் வேண்டும். ஆய்வுக் கூடத்துக்கு அனுப்புங்கள்.

மழை பெய்ததும் கலங்குகிறது: கிணற்றின் வாயைச் சுற்றியுள்ள மேடையில் விரிசல் விட்டிருக்கிறது, மேல்நீர் உள்ளே இறங்குகிறது. மேடையைப் பூசி, நீர் விலகி ஓட வாய்க்கால் வெட்டி, கிருமிநீக்கம் செய்யுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்: ஒரு தெருவில் மட்டும் என்றால் முட்டுக் குழாயில் (அதற்கு அப்பால் வழியில்லாமல் முடியும் குழாயில்) தேங்கிய நீர், திறந்து விடுங்கள். ஊர் முழுவதும் என்றால் கிணற்று நீரையே சோதிக்க வேண்டும்.

ஒரு பக்கத்து வீடுகளில் மட்டும் திடீரென உரவாடை, பச்சை நிறம்: இதை ஒரு முறை நேரில் பார்த்தேன். தாழ்வான தெருவில் நான்கு வீடுகளில் குழாயைத் திறந்தால் பச்சை கலந்த நீர். மேலே நடந்து தேடிப் போனால், ஒரு தோட்டத்தில் ரப்பர் குழாயின் முனை உரக் கரைசல் டிரம்முக்குள் மூழ்கியிருந்தது, குழாய் திறந்திருந்தது. காலையில் விளிம்பு வரை இருந்த கரைசல் ஒரு சாண் இறங்கியிருந்தது; டிரம்மின் உட்சுவரில் அந்த ஒரு சாண் அளவுக்கு இன்னும் ஈரம் காயவில்லை. தொட்டி காலியாகிக் குழாயிலிருந்த நீர் தாழ்வான வீடுகளுக்கு இறங்கியபோது, ரப்பர் குழாய் டிரம்மை உறிஞ்சிக் குடிநீர்க் குழாய்க்குள் அனுப்பியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் தவறாக எதையும் செய்யவில்லை. டிரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: எந்தக் குழாயின் முனையும் எந்தத் தொட்டி, டிரம் நீருக்குள்ளும் மூழ்கக் கூடாது. விளிம்புக்கு மேலே நான்கு விரல் இடைவெளி வேண்டும். உரம் கலக்கும் டிரம்முக்கு நீரை வாளியில்தான் கொண்டுபோக வேண்டும். இப்படி நடந்துவிட்டால் வால்வை மூடி, வீடு வீடாகச் சொல்லி, அந்தத் தெருக் குழாயை முழுவதும் வடித்துக் கழுவுங்கள். பூச்சிமருந்தாக இருந்தால் கழுவியதோடு விடாதீர்கள். சுகாதாரத் துறைக்கு உடனே தெரிவியுங்கள். கொதிக்க வைத்தால் உரமும் மருந்தும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

பல வீடுகளில் வயிற்றுப்போக்கு: காரணம் தேடும் முன் செய்ய வேண்டியவை உண்டு. குடிநீரை நன்றாகத் தளதளவென ஒரு நிமிடமாவது கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். சுகாதார நிலையத்தை அழையுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் அளவைப் பாருங்கள்: லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். தொட்டியில் சரியாக இருந்து கடைசி வீட்டில் இல்லாவிட்டால் நடுவழியில் அழுக்கு கலக்கிறதா என்று ஐயப்பட வேண்டும்.

தொட்டியைக் கிருமிநீக்கம் செய்ய: உட்புறம் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 25 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 10,000 லிட்டருக்கு 2 கிலோ. பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வீட்டு இணைப்புகளுக்குப் போகாதபடி அடைத்து, 12 மணி நேரம் வைத்திருந்து வடித்துவிடுங்கள். வடிக்கும் நீர் தோட்டத்துக்கோ மீன் உள்ள குளத்துக்கோ போகக் கூடாது. பவுடர் நாள்பட நாள்பட வீரியம் இழக்கும். திறந்த மூட்டையில் கிடந்ததை நம்ப வேண்டாம்.

## அறிகுறி 6: தோட்டத்துச் சொட்டுநீரில் சில செடிகள் மட்டும் வாடுகின்றன

வடிகட்டியைக் கழுவுங்கள், பக்கக் குழாய்களின் கடைமுனையைத் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள். டிரம்மின் அடி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்திலாவது இருக்கட்டும். அதன் பிறகும் அடைத்தால் இரும்போ சுண்ணமோ காரணம். சொட்டுவான்களை மாற்றுவதே வழி.

## அறிகுறி 7: தண்ணீர் அதே அளவு, மின்கட்டணம் மட்டும் ஏறுகிறது

1,000 லிட்டர் ஏற்ற எத்தனை யூனிட் ஆகிறது என்று மாதம் ஒரு முறை கணக்கிடுங்கள். 100 மீட்டர் உயரத்துக்கு 1,000 லிட்டரை ஏற்றக் கணக்குப்படி 0.27 யூனிட் போதும். பம்பு, மோட்டார் இழப்பெல்லாம் சேர்த்து அதைப் போல இரு மடங்கு ஆவது இயல்பு. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் பம்பு தேய்கிறது அல்லது உள்குழாய் கசிகிறது. கட்டணம் ஏறி இந்த எண் ஏறாவிட்டால் விலை உயர்ந்திருக்கிறது, அல்லது தண்ணீர் கூடுதலாக ஓடுகிறது.

## அறிகுறி 8: சந்தா வசூலாகவில்லை, பழுது பார்க்கப் பணமில்லை

இதையும் ஒரு பழுதாகவே பார்க்கிறேன். மோட்டார் எரிந்த ஊர் ஒரு வாரத்தில் மீள்வதும், ஒரு வாஷருக்குக் காசில்லாமல் மாதக்கணக்கில் நிற்பதும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகின்றன.

முதல் சோதனை: பாக்கிப் பட்டியலை எடுத்துத் தெருவாரியாகப் பிரியுங்கள். அறிகுறி 2-இல் எழுதிய வாளிச் சோதனைத் தாளை அதன் பக்கத்தில் வையுங்கள். முதன்முதலில் அப்படி வைத்துப் பார்த்த இரவை நான் மறக்கவில்லை. "கொடுக்க மனமில்லாதவர்கள்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேர் வாசிக்கப்பட்டவர்களும், வாளி நிரம்ப ஆறு நிமிடம் ஆகும் வீட்டுக்காரர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள். அவர்களுக்குத் தண்ணீரைக் கொண்டு சேர்க்காமல் பணம் கேட்கும் உரிமை குழுவுக்கு இல்லை. தண்ணீரைச் சரிசெய்து, ஒரு மாதம் கழித்துப் போய்க் கேளுங்கள்.

இரண்டு பட்டியலும் பொருந்தாவிட்டால், கணக்கு எப்போது கடைசியாக வாசிக்கப்பட்டது என்று பாருங்கள். வரவும் செலவும் கையிருப்பும் பொதுச் சுவரில் மாதந்தோறும் எழுதப்பட வேண்டும்; யார் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கும்படி. அடுத்து, தோட்டம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே தொகை கட்டுகிறார்களா? மீட்டர் இல்லாத ஊரில் தோட்ட டிரம்முக்கு ஒரு தொகை என்று தனியே வைத்தால் பலரும் நியாயம் என்றே ஏற்கிறார்கள். தண்ணீர் பிடிக்கும் பெண்கள் குழுவில் இருக்கிறார்களா என்பதும் முக்கியம். எந்தத் தெருவில் எந்த நாள் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

வசூலில் ஒரு பங்கை மோட்டாருக்கென்று தனிக் கணக்கில், இருவர் கையெழுத்தில் போட்டு வையுங்கள். வெளியாரை அழைக்க வேண்டியது கணக்கும் கையிருப்பும் பொருந்தாதபோது. ஊருக்குள் பேசித் தீர்க்கலாம் என்று மூடி வைத்தால் குழு இரண்டாக உடையும். வெளியூர்த் தணிக்கையாளர் ஒருவரைக் கூட்டத்தின் தீர்மானத்தோடு அழையுங்கள்.

## அறிகுறி 9: தண்ணீர் விடுகிறவர் ஊரில் இல்லை, யாருக்கும் எதுவும் தெரியவில்லை

எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் திட்டம் நிற்கும். அவர் நலமாக இருக்கும்போதே, இளையவர் இருவரை உடன் அழைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து கடைசிக் குழாய் வரை நடந்து வாருங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் எண் போட்டு, நகராத இரண்டு அடையாளங்களிலிருந்து அதன் தூரத்தை நாடாவால் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். மரம் வெட்டப்படும், வேலி மாறும். வீட்டு மூலையும் கோயில் சுவரும் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் முழுவதும் இளையவர்களே வால்வைத் திறக்கட்டும், பெரியவர் அருகில் நின்று பார்க்கட்டும். மண்ணுக்குள் ஏற்கெனவே தொலைந்துபோன இரும்பு வால்வு இருந்தால், உலோகம் கண்டறியும் கருவி வைத்திருப்பவரை ஒரு நாள் வரவழைத்து எல்லாவற்றையும் ஒரே நடையில் தேடி முடித்துவிடுங்கள்.